நுகர்வோர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் புகார்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு வந்தவற்றில் பாதிக்கு மேல் செல்போன் வழியாக வாங்கியவை பற்றியவை. மூத்த உறுப்பினர் ஒருவர் பயணச்சீட்டு எடுத்திருக்கிறார். காப்பீடு அவர் கேட்கவே இல்லை, அதற்கும் சேர்த்துப் பணம் போயிருக்கிறது. போனை வாங்கிப் பார்த்தோம். கடைசித் திரையின் அடியில் கடுகு போல எழுத்து, பக்கத்துக் கட்டத்தில் முன்னதாகவே டிக். "கண்ணாடி போடாம தொட்டுட்டேன் சார்" என்று தன்னையே நொந்துகொண்டார். தப்பு அவர் மேல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இத்தகைய 13 உத்திகளைத் தடை செய்கின்றன. கேட்காததைக் கூடையில் போட்டுவிடுவது அதில் ஒன்று. 1915 உதவி எண்ணில் பதிந்தோம், பணம் வந்துவிட்டது.

ஓட்டல் பில்லில் சேவைக் கட்டணம் போடுவது பற்றியும் பலர் கேட்டீர்கள். அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற 2022 வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள்.

நவம்பர் கூட்டத்தில்தான் நல்ல வாக்குவாதம். வாட்சப்பின் 2021 தனியுரிமைக் கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்திருந்த நேரம். "அதில் நமக்கு எவ்வளவு வரும்?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டோம். நானும்தான். ஆனால் கேள்வி சரியானது. ஒரு பைசா வராது. போட்டி ஆணையம் விதிக்கும் அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். நம் நஷ்டத்தைக் கேட்க நுகர்வோர் ஆணையம். சந்தையில் ஒருவரே எல்லோரையும் மடக்கிப் போடாமல் பார்க்கப் போட்டி ஆணையம். 1969 ஏகபோகச் சட்டம் நிறுவனம் பெரிதானாலே சந்தேகப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த 2002 போட்டிச் சட்டத்துக்குப் பெரிதாக இருப்பது குற்றமில்லை, அந்தப் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் குற்றம்.

இதை அப்போதே யோசித்திருந்தால் ஒரு புகாரை வேறு மாதிரி கையாண்டிருப்போம். அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒருவர் இணைய வேகம் போதவில்லை என்று வந்தார். கடிதம் எழுதினோம், ஒரு மாதக் கட்டணத்தைக் கழித்தார்கள். சரி, முடிந்தது என்று கோப்பை மூடிவிட்டோம். அப்புறம்தான் தெரிந்தது, அங்கே வேறு நிறுவனத்தின் கேபிளை உள்ளே விடுவதே இல்லையாம். வேகம் இன்றைக்கும் அதேதான், மாறவும் வழியில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காதது என் தவறு.

ஆகவே புகார்ப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் செயற்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்: "வேறு கடையிலோ நிறுவனத்திலோ வாங்க உங்களுக்கு வழி இருந்ததா?" பழைய படிவங்கள் ஒரு கட்டு மீதம் இருப்பதாகப் பொருளாளர் முகம் சுளிக்கிறார். ரப்பர் ஸ்டாம்ப் செய்து குத்திவிடலாம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நம் உறுப்பினர்களின் வழக்குகள் இரண்டு நிலுவையில் உள்ளன. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ரசீதைத் தூக்கிப் போட்டுவிட்டு வராதீர்கள்.

இப்படிக்கு,
செயலாளர்