ஸ்மார்ட்போனை விற்கும்போதே 2ஜியை அணைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்

மத்திய தொலைத்தொடர்புத் துறைக்கும் டிராய் ஆணையத்துக்கும்,

வணக்கம். மோசடி எஸ்எம்எஸ்களைத் தடுக்க, அனுப்புகிறவர் பெயரையும் வாசகத்தையும் டிஎல்டி என்ற மின்னணுப் பதிவேட்டில் முன்கூட்டியே ஏற்றவைத்தீர்கள். நல்ல காரியம். ஆனால் அந்தச் சோதனைச் சாவடி தொலைத்தொடர்பு கம்பெனிகளின் நெட்வொர்க்குக்குள் இருக்கிறது. போலி டவர், அதாவது செல்போன் டவர் போல நடித்துப் போனுக்கு நேராகவே எஸ்எம்எஸ் அனுப்பும் கருவி, அந்த ரோட்டுக்கே வருவதில்லை.

2024 நவம்பரில் பாங்காக்கில் ஒரு வேனை மடக்கினார்கள். உள்ளே இருந்த கருவி, சுற்றுவட்டாரத்துப் போன்களைத் தன் பக்கம் இழுத்து மோசடிச் செய்திகளைத் திணித்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு லண்டனிலும் இப்படிப் பிடிபட்டார்கள். இந்தக் கருவி வைத்திருப்பவர் அனுப்புநர் இடத்தில் உங்கள் வங்கியின் பெயரையே போடலாம். வங்கி அனுப்பிய பழைய செய்திகளுக்குக் கீழேயே அதுவும் போய் உட்காரும்.

ஓட்டை பழையது. 2ஜியில் டவர் சிம்மைச் சோதிக்கும், சிம் டவரைச் சோதிக்காது. ‘மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது) வேண்டாம்’ என்று டவர் சொன்னால் போன் தலையாட்டிவிடும். 3ஜி முதல் இருபக்கச் சோதனை வந்துவிட்டதால், திருடன் முதலில் போனை 2ஜிக்கு இறக்கிவிடுகிறான். கையில் 5ஜி போன், திருட்டு நடப்பதோ 1991இல் வந்த தொழில்நுட்பத்தில்.

2ஜியை மூடச் சொல்லவில்லை. என் அம்மா வைத்திருப்பது பட்டன் போன். அதைப் பிடுங்க எனக்குத் தைரியமும் இல்லை. ஸ்மார்ட்போனுக்கு அது எதற்கு? 2016இல் தொடங்கிய ஜியோவுக்குச் சொந்த 2ஜியே கிடையாது. அந்த சிம் போட்ட போன் ஏன் கண்ட 2ஜி டவரை நம்ப வேண்டும்? ஆண்ட்ராய்டு 12இலேயே 2ஜியை அணைக்கும் வசதி வந்துவிட்டது. எல்லாப் போனிலும் இல்லை. இருப்பதிலும் செட்டிங்ஸுக்குள் தோண்டித் தேட வேண்டும். ஐபோனில் லாக்டவுன் மோடு என்ற கூடுதல் பாதுகாப்பு அமைப்பைப் போட்டால் 2ஜி அணையும், கூடவே வேறு பல வசதிகளும் போகும். விற்கும்போதே அணைத்துத் தரச் சொல்லுங்கள், அவசர அழைப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்து.

இன்னொன்று. சிம்முக்குள் இருக்கும் அடையாள எண்ணைப் போலி டவர் பிடித்துவிடாதபடி, காற்றில் அப்படியே விடாமல் மறைத்து அனுப்ப 5ஜி தரத்தில் ஏற்பாடு உண்டு. 4ஜி கோரின் (நெட்வொர்க்கின் மையப் பகுதியின்) மேல் ஓடும் 5ஜியில் அது கிடைக்காது. சொந்த 5ஜி கோர் உள்ள தனித்த 5ஜியிலும் மறைக்காமல் விடத் தரமே இடம் கொடுக்கிறது. எந்தக் கம்பெனி மறைக்கிறது, எது மறைக்கவில்லை என்பதை அறிவிக்க வையுங்கள். (ஆளைப் பின்தொடர இதே ஓட்டை போலீசுக்கும் உதவும் என்பதுதான் தயக்கமோ?)

பதிலைத் தபாலில் அனுப்பினால் நல்லது. எஸ்எம்எஸ்ஸில் வந்தால் நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று எப்படி நம்புவேன்?

இப்படிக்கு,
ஒரு ஸ்மார்ட்போன் வாடிக்கையாளர்