வெள்ளச்சி ஓடுது மக்கா

அன்புள்ள மக்கா,

பொங்கலுக்கு நீ போன் பண்ணினபோது "வெள்ளச்சி என்னாச்சுலே?" என்று கேட்டாய், நான் "அத விடு" என்று பேச்சை மாற்றிவிட்டேன். உன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அன்றைக்குக் காலையில்தான் என் பழைய வெள்ளைக் கார் முப்பதாவது தடவையோ என்னவோ ஸ்டார்ட் ஆகி, ரெண்டு நிமிஷம் ஓடி, செத்துப்போயிருந்தது. பண்டிகை நாளும் அதுவுமாக அந்தக் கதையை எடுக்க மனசு வரவில்லை. இப்போது எடுக்கலாம். வண்டி ஓடுகிறது. நேற்று ஆத்தூர், ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூர் போய்விட்டு வந்தோம், போகவர எண்பது கிலோமீட்டர் இருக்கும், ஒரு இடத்தில்கூட இருமவில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை நமக்குப் புதுசு இல்லை, ஆனால் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் என்று சொன்னபோது முதலில் மில்லிமீட்டரைத்தான் தப்பாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இந்த ஊரில் ஒரு வருஷத்துக்கே அவ்வளவு பெய்யாதேலே! ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட சனங்களை நீயும் டிவியில் பார்த்திருப்பாய். தூத்துக்குடியில் எங்கள் பக்கம் கோரம்பள்ளம் குளம் உடைந்த தண்ணீர். அது சத்தமில்லாமல் வந்தது. ராத்திரி வாசல்படியில் இருந்தது, விடியும்போது வண்டியின் சீட் நனைந்திருந்தது, மத்தியானம் ஸ்டியரிங் அடி வரைக்கும். நாங்கள் மாடியில். கரண்டு இல்லை, போன் இல்லை. மேலேயிருந்து பார்த்தால் அதன் வெள்ளைக் கூரையும் பாதிக் கண்ணாடியும் மட்டும் தெரியும், குளத்தில் இறங்கின எருமை மாதிரி நின்றது. அம்மா அந்த நிலைமையிலும், "வெள்ளச்சின்னு பேரு வச்சே, வெள்ளம் வந்துட்டு" என்றாள்.

தண்ணீர் வடிய நாலு நாள் ஆனது. ஒரு விஷயத்தில் மட்டும் நான் புத்தியோடு நடந்துகொண்டேன், சாவியைத் தொடவில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் முடிச்சூரில் என் மச்சினன் செய்ததை மறக்க முடியுமா? தண்ணீர் வடிந்ததும் ஆசையோடு ஒரு செல்ஃப் அடித்தான், சிலிண்டருக்குள் நின்ற தண்ணீரை பிஸ்டன் அமுக்கப் பார்த்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாதே. கனெக்டிங் ராடு வளைந்துபோனது. அதற்கு இன்சூரன்ஸும் வரவில்லை. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை எடுத்திருந்தால்தான் அதெல்லாம் கிடைக்குமாம். நான் எடுத்திருந்ததோ வெறும் தேர்டு பார்ட்டி. 2007 மாடலுக்கு வேறென்ன எடுப்பது. ஆகையால் முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன், அதோடு கையைக் கட்டிக்கொண்டேன்.

சர்வீஸ் சென்டர் ஒன்றில் படம் அனுப்பிக் கேட்டேன். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும் என்றார்கள், அதுவும் "இன்ஜின் திறந்த பிறகுதான் சொல்ல முடியும் சார்" என்ற வாலோடு. வண்டியை விற்றாலே அவ்வளவு வராது. பழைய இரும்புக்காரர் தெருவுக்கே வந்தார், இருபத்திரண்டாயிரம் தருகிறேன் என்றார். எங்கள் தெருவில் மட்டும் நாலு வண்டி அப்படிப் போனது. வீட்டில் அவளும் "கொடுத்திருங்க" என்றுதான் சொன்னாள். எனக்கு வந்தது பாசம் கீசம் எல்லாம் இல்லை, வீம்பு. ரெண்டு பேரும் மூணு வருஷம் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் லேபில் கிரீஸ் பூசிக்கொண்டு நின்றது எதுக்கு?

நம்ம பழைய மெக்கானிக் அண்ணாச்சி, அவர் ஷெட்டிலும் இடுப்பளவு தண்ணீர் ஏறி டூல்ஸ் எல்லாம் போயிருந்தது. இருந்தும் வந்தார். பிளக் நாலையும் கழற்றி, கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டுக் கையாலேயே சுற்றினோம். சுற்றியது! அதற்கப்புறம்தான் பேட்டரி மாட்டி, பிளக் இல்லாமலே ஒரு செல்ஃப் கொடுத்தோம். ரெண்டாவது, மூணாவது ஓட்டையிலிருந்து பீச்சாங்குழல் மாதிரி தண்ணீர் அடித்தது, அண்ணாச்சி சட்டையெல்லாம் சேறு. ஆயில் போல்ட்டைத் திறந்தால் முதலில் கால் லிட்டர் சுத்தத் தண்ணீர், அதன் பிறகு பால் டீ நிறத்தில் ஆயில். மட்ட ஆயில் ஊற்றிச் சுற்றி இறக்கி, மறுபடி ஊற்றி இறக்கி, மூணாவது தடவைதான் நல்ல ஆயில். கியர் ஆயிலும் அப்படியே. பின்சீட்டுக்கு அடியிலிருந்து பெட்ரோல் பம்பைத் தூக்கி, டேங்க்கில் இருந்ததைப் பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்தோம். கால் மணி நேரத்தில் நடுவில் ஒரு கோடு விழுந்தது. இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதில்லையா, தண்ணீர் கூடுதலாகச் சேர்ந்தால் அது பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய் அடியில் தங்கிக்கொள்கிறது. மொத்தத்தையும் கொட்டினோம், ஃபில்டர் புதுசு, ஸ்டார்ட்டரும் டைனமோவும் பிரித்துக் கழுவிக் காயவைத்தோம். சீட், கார்ப்பெட், அதற்கு அடியில் இருக்கிற பஞ்சு எல்லாம் மொட்டைமாடியில் கிடந்தன. அந்தப் பஞ்சுதான்லே எமன், மேலே காய்ந்த மாதிரி இருக்கும், பிழிந்தால் ஒரு வாளி வரும். மார்கழி வெயிலை நம்பி ஒன்பது நாள்.

பதினோராவது நாள் சாவியைத் திருப்பினேன். ரெண்டாவது செல்ஃபில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை தெருவையே மூடியது, சைலன்சரிலிருந்து தண்ணீர் தெறித்தது, பையன் விசில் அடித்தான். பதினைந்து செகண்ட். நின்றுவிட்டது. திரும்பத் திருப்பினேன், பிடித்தது, நின்றது.

இங்கேதான் மூணு வாரம் போனது மக்கா. ஸ்டார்ட்டே ஆகாத வண்டியைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகி ஆகி நிற்கிற வண்டி இருக்கிறதே, அது நல்லா இருக்கிற மாதிரி நடித்து ஆளைக் கொல்லும். டேங்க்கில் இன்னும் தண்ணீர் இருக்கும் என்று முதலில் நினைத்தோம், மறுபடி இறக்கிப் பார்த்தோம், இல்லை. பம்ப் பிரஷர் சரி. நிற்கப் போகிற நேரத்தில் இன்ஜினுக்குக் காற்று போகிற த்ராட்டில் வாயில், தீப்பற்றக்கூடிய கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்த்தேன், பெட்ரோல்தான் போதவில்லை என்றால் அதைக் குடித்தாவது நாலு செகண்ட் கூட ஓட வேண்டும். ஓடவில்லை. சரி, கரண்டுதான் போகிறது என்று முடிவானது. பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயில் மாற்றினோம், மூவாயிரம் போச்சு, பலன் இல்லை. இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசிஎம் பெட்டியைக் கழற்றினேன். ஸ்க்ரூவை எடுத்து மூடியைத் திறந்தால் உள்ளே போர்டின் ஓரத்தில் காய்ந்த சேறு, கனெக்டர் முள்ளில் பச்சைப் பச்சையாக. செல்போன் ரிப்பேர் கடைப் பையனிடம் ஐபிஏ (போர்டு கழுவுகிற ஆல்கஹால்) வாங்கி, பழைய டூத்பிரஷால் தேய்த்து, அவளுடைய ஹேர் டிரையரால் காயவைத்தேன். மாட்டியதும் பதினைந்து செகண்ட் ரெண்டு நிமிஷம் ஆனது. அதோடு சரி. ரெண்டு நிமிஷம் ஓடும், சாகும், ஐந்து நிமிஷம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். அண்ணாச்சி, "தம்பி, ஈசிஎம் போயிட்டு. வேற போட்டுருவோம்" என்றார். பழையதே பதினெட்டாயிரம். பொங்கலன்று நீ போன் பண்ணினபோது நான் அந்தப் பதினெட்டாயிரத்தைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாடி ரிலே, அதாவது கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச், டிக்டிக் என்று அடித்தது. கெட்டுப்போன ஈசிஎம் என்றால் அது ஏன் ரிலேயைத் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும்? வோல்டேஜ் பத்தாத ரிலேதான் அப்படி அடிக்கும். பேட்டரியில் பார்த்தால் பதினாலு வோல்ட், கல் மாதிரி நிற்கிறது. பாசிட்டிவ் பக்கம் எல்லாம் பார்த்தாயிற்று. எர்த், அதாவது கரண்டு பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போகிற வழி? எர்த்தையும் பார்த்தோமே, போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, வண்டி நிற்கும்போது வயர் அறுபடவில்லை என்று மீட்டரில் பீப் சத்தமும் வந்தது. அப்போதுதான் நம்ம லேப் சார் சொல்வது ஞாபகம் வந்தது, எர்த்தை நிற்கிற வண்டியில் பார்க்காதே, சுமை ஏறும்போது பார். மறந்தே போயிருந்தேன்லே.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்தேன், இன்னொரு முனையை ஈசிஎம் கனெக்டரின் எர்த் வயரில் பின்பக்கமாகக் குண்டூசியால் தொட்டேன். ரெண்டும் எர்த், நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது, அதிகபட்சம் பாயிண்ட் ஒன்று. பையனை மீட்டரைப் படிக்கச் சொல்லிவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன். "பாயிண்ட் நாலு" என்றான். ஹெட்லைட்டைப் போட்டேன். "பாயிண்ட் ஒன்பதுப்பா. ஒன்னு பாயிண்ட் ஒன்னு. ஒன்னு பாயிண்ட் ஆறு." குரல் ஏறிக்கொண்டே போகிறது, நம்பரும் ஏறுகிறது. "ரெண்டு பாயிண்ட் மூணு" என்றபோது ரிலே டிக் என்றது, வண்டி நின்றது. நான் உள்ளேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன், அவன் ஏதோ ஷாக் அடித்துவிட்டது என்று பயந்துபோனான்.

டாஷ்போர்டுக்கு அடியில், இடது காலடிப் பக்கத் தகடுக்குப் பின்னால் அந்த போல்ட். வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கழற்றி, வயர் நுனியில் இருக்கிற வளையமான லக்கைத் திருப்பினால் அடிப்பக்கம் கருப்பு. சரி, தேய்க்கலாம் என்று வயரை வளைத்தபோது அது மொடமொட என்றது. மேலுறையைக் கீறினேன். உள்ளே செம்பு இல்லை மக்கா, களிம்புதான். பச்சைத் தூள் மடியில் கொட்டுகிறது. நாலைந்து இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. முழு கரண்டும் அந்த நாலு இழை வழியாகப் போகிறது, அது சூடாகிறது, சூடானால் இன்னும் அடைக்கிறது, ஈசிஎம்முக்கு வோல்டேஜ் இறங்குகிறது, நிற்கிறது, ஆறினால் திரும்ப ஓடுகிறது. திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி வயர் தண்ணீரை உள்ளே இழுத்து வைத்திருக்கிறது. நம்ம ஊர் உப்புக்காத்துக்குச் சும்மாவே எதுவும் தாங்காது, இதில் நாலு நாள் சேற்றுத் தண்ணீர் வேறு. அம்மாவிடம் காட்டினேன். "பித்தளைப் பானைன்னா புளி போட்டுத் தேய்ப்பேன், இதுக்கென்ன செய்வே" என்றாள்.

பளபளப்பான செம்பு வருகிற வரைக்கும் வெட்டிக்கொண்டே போனேன். ஒரு சாண் போனது. புது வயர் ஒட்டுப்போட்டு சால்டர் வைத்து, பதினைந்து ரூபாய் லக் ஒன்றை அமுக்கி, பாடியில் பெயின்ட் போகிற வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கி, மேலே வாசலைன் அப்பினேன். மீட்டர் பாயிண்ட் சைபர் மூணு. இருபது நிமிஷம் விட்டேன், ஃபேன் ஓடியது, நின்றது, திரும்ப ஓடியது, வண்டி நிற்கவில்லை. அண்ணாச்சிக்கு போன் போட்டு இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்கவைத்தேன். "எர்த்தாலே?" என்றார் எடுத்த எடுப்பில். மனுஷனுக்கு முதலிலேயே தெரிந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போதும் முழுசா குணமாகவில்லை. பின் பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டியிருந்ததை அடித்து எடுத்தோம், ஹேண்ட் பிரேக் போட்டே நான்கு நாள் நின்றதால் வந்த வினை. ஹாரன் சளி பிடித்த ஆள் மாதிரி கத்துகிறது. வாடை இருக்கிறது, ஏசி போட்டால் குளத்தங்கரையில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். மொத்தச் செலவு பதினாறாயிரம் சொச்சம், அதில் காயில் மூவாயிரம் என் அவசரத்துக்குக் கட்டின அபராதம். இன்னும் எத்தனை வயருக்குள் அந்தப் பச்சை உட்கார்ந்திருக்கிறதோ, ஒவ்வொன்றாக வெளியே வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், மகளுக்கு செகண்ட் ஹாண்ட் வண்டி பார்ப்பதாகச் சொன்னாயே, இந்த வருஷம் ரொம்ப மலிவாக ஒன்று வந்தால் கொஞ்சம் யோசி. சென்னையிலும் நம்ம பக்கமும் முங்கின வண்டிகள் கழுவிப் பளபளவென்று எங்கெங்கேயோ போகும். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார், கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கோடு இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. சீட்டைக் கழற்றச் சொல்லி அடி போல்ட்டைப் பார். ஸ்டெப்னிக் குழியில் கையை விட்டுத் தடவு. செண்டு வாடை தூக்கலாக அடித்தால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடு. அந்த வண்டி அன்றைக்கு நல்லாத்தான் ஓடும், ஆறு மாசம் கழித்துத்தான் என்னை மாதிரி குண்டூசியோடு உட்கார வேண்டிவரும்.

ஞாயிற்றுக்கிழமை கோவை உக்கடம் பக்கம் போனால் பழைய ஸ்பேர் கடையில் என் மாடலுக்கு இடது பக்க பவர் விண்டோ சுவிட்ச் ஒன்று கிடைக்குமா என்று பார். பெட்டியைத் திறந்து முள்ளில் பச்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. முந்நூறுக்கு மேலே கேட்டால் விட்டுவிடு, கண்ணாடியைக் கையால் தூக்கிவிட்டு ஆப்பு வைத்திருக்கிறேன், மழை வரும்வரைக்கும் அது தாங்கும்.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சு