அச்சுமுறுக்கு சுட்ட மாக்சிக்குக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். லிஃப்டிலிருந்து வாசல்வரை தானே நடந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த மூன்று வாரத்தை இன்னொரு முறை எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டும் உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் அவர் தூங்குகிற நேரம் பார்த்து.

முதலில் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவருக்காகத் தேசிய இரத்த மையத்துக்குப் போய் வரிசையில் நின்ற அலுவலக நண்பர்களே, உங்களில் பாதிப் பேருடைய முகம்கூட எனக்குத் தெரியாது. முறை வைத்து வந்து பிள்ளைகளோடு படுத்துக்கொண்ட பிரிக்பீல்ட்ஸ் சபை அக்காமார்; அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று இப்போது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மருத்துவமனை கார் நிறுத்துமிடத்தில் நின்று கித்தார்கூட இல்லாமல் மெல்லப் பாடிவிட்டுப் போன வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள். மேலே அவருக்குப் பாட்டு கேட்கவில்லை, ஆனால் நீங்கள் கையசைத்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வாடகை என்று வாயே திறக்காத வீட்டுக்காரர் சீன அங்கிள். கஞ்சிக்கும் ரசத்துக்கும் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்த மாமாக் சாப்பாட்டுக் கடை பாய். நான் எத்தனை மணிக்கு வந்து இறங்கினாலும் கேட்டைத் திறந்துவிட்டு, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்காமல் என்னை விடாத நேபாளத்துக் காவலாளித் தம்பி. எல்லாருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருப்பேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி எதிர் வீட்டு மலாய்க்கார மாக்சிக்.

மாக்சிக் என்றால் மலாயில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாம்தான். கோலாலம்பூரில், வங்சா மாஜுவில் இந்தப் பதினான்காவது மாடிக்கு நாங்கள் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் நாகர்கோவிலிலிருந்து சித்தப்பா போன் போட்டு, "முஸ்லிம் நாடாச்சே, கிறிஸ்துமஸ் கொண்டாட விடுவாங்களா?" என்று கேட்டார். டிசம்பர் 25 இங்கே நாடு முழுக்கப் பொது விடுமுறை என்று சொன்னேன், அவர் நம்பவில்லை. பெவிலியன் மாலில் நிற்கிற பெரிய கிறிஸ்துமஸ் மரத்தைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் கொஞ்சம் அடங்கினார். 2020 கணக்கெடுப்புப்படி மலேசியாவில் நூற்றுக்கு 63 பேருக்கு மேல் முஸ்லிம்கள், 9 பேர் கிறிஸ்தவர்கள். சரவாக் மாநிலத்தில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள்தான் என்று என் கணவர் வேறு புள்ளிவிவரம் சொன்னார். முஸ்லிம்களிடம் மதப் பிரசாரம் செய்யக்கூடாது என்று பல மாநிலங்களில் சட்டம் இருப்பதையும் மறைக்கவில்லை.

எனக்கு இருந்த கவலை வேறு. ஊரில் கிறிஸ்துமஸை ஒரு தெருவே சேர்ந்து கொண்டாடும். கேரல் பாடிக்கொண்டு வருவார்கள், விடியற்காலை ஆராதனைக்குப் பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திறக்கும். இங்கே நாங்கள் நாலு பேர், ஒரு ஸ்டார், ஒரு லிஃப்ட்.

முதல் வருஷம் ஹலால் முத்திரை போட்ட கேக்கைப் பெட்டி பிரிக்காமல் மாக்சிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "செலாமட் பெர்சூட்டி" என்றார். விடுமுறை நன்றாக அமையட்டும் என்று அர்த்தம். கிறிஸ்துமஸ் என்ற வார்த்தை வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும், அதை வாயால் சொல்லக்கூடாது என்று நினைக்கிறவர்கள் முஸ்லிம்களில் உண்டு. இருந்தாலும் அன்று ராத்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். இவர்தான் கேட்டார்: "அம்மன் கோயில் கொடைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பொங்கலை உங்க அம்மா சிரிச்ச முகமா வாங்கி, அப்புறம் மாட்டுக்கு வைக்கலையா?" அதற்குமேல் நான் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் கேக் போகும், "செலாமட் பெர்சூட்டி" வரும். அவர் வீட்டு ராயாவுக்கு, அதாவது நோன்புப் பெருநாளுக்கு, நாங்கள் போய் லெமாங் சோறும் ரெண்டாங் கறியும் சாப்பிட்டுவிட்டு வருவோம். எங்கள் உறவு அந்த அளவுதான். நல்ல உறவு, ஆனால் அளவானது.

இந்த டிசம்பர் 23 ராத்திரி, ஒன்பதரை மணி இருக்கும். மருத்துவமனையிலிருந்து வந்து லிஃப்ட் கதவு திறந்ததும் வாசம் அடித்தது. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கொதிக்கிற எண்ணெயில் பொரிகிற வாசம். யாரோ பலகாரம் சுடுகிறார்கள், கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். எங்கள் வீட்டு வாசலில் மாக்சிக்கின் செருப்பு கிடந்தது.

உள்ளே என் அடுப்பில் அவருடைய சட்டி, அவர் கொண்டுவந்த எண்ணெய். தலையில் போட்டிருந்த துடோங் துணியின் முனையைத் தோளுக்குப் பின்னால் செருகிக்கொண்டு மாக்சிக் நிற்கிறார். கையில் அச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. எங்கள் அச்சுமுறுக்கு மலாய்க்காரர்களுக்குக் குவே ரோஸ். அதே பூ வடிவம், அதே அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை. நம் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் சுடுவது அவர்கள் வீடுகளில் ராயாவுக்கு. இத்தனை வருஷம் அவர் ஜாடியிலிருந்து எடுத்துத் தின்றுவிட்டு, எங்க ஊர்லயும் இது உண்டு என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் எனக்குத் தோன்றியதில்லை.

நடந்தது இதுதான். அன்று காலை லிஃப்டில் என் மகள் அவரிடம், இந்த வருஷம் எங்களுக்குக் குவே ரோஸ் இல்லை, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறாள். முறையிடவில்லையாம், சும்மா சொன்னாளாம். பதினொரு வயசு. மாக்சிக் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டு, சாயங்காலம் சட்டியும் எண்ணெயும் மாவுமாக வந்து கதவைத் தட்டியிருக்கிறார். பிள்ளைகளோடு இருந்த அக்கா முதலில் பயந்தே போனாராம்.

உங்கள் வீட்டிலேயே சுட்டு ஒரு ஜாடி கொடுத்திருந்தால் போதாதா, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எதற்கு இங்கே வந்து நின்றீர்கள் என்று கேட்டேன். "பண்டிகை எண்ணெய் வாசம் சொந்த வீட்டிலிருந்துதான் வரணும், அடிக்" என்றார். அடிக் என்றால் தங்கச்சி. "எதிர் வீட்டிலிருந்து வந்தால் பிள்ளைகளுக்கு ஏக்கமாகிவிடும்."

எனக்கு அழத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் அழ விடவில்லை. மகளுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடேற வேண்டும், ஆறிய அச்சில் மாவு பிடிக்காது. மாவில் முக்கும்போது அச்சின் மேல் விளிம்பு முங்கிவிடக்கூடாது. முங்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு முறுக்கு கழன்று விழாது. மகள் முக்கியது முங்கிவிட்டது. மாக்சிக் ஒரு குச்சியால் அதைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, உடைந்ததை என் மகன் வாயில் போட்டார். மகனின் வாயைப் பார்த்தால் நிறைய உடைந்திருக்கிறது என்று தெரிந்தது.

தன் சட்டியைத் தானே கொண்டுவந்தது எதற்கென்று எனக்குப் புரியாமல் இல்லை. ஹலால் இல்லாத பாத்திரத்தில் அவர் சமைக்க முடியாது. அதை அவர் விளக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. எனக்கும் அது வருத்தமாக இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் என்றால் வருந்தியிருப்பேன். பதினொரு மணிக்கு ராயாவுக்குப் பலகாரம் அடைக்கிற சிவப்பு மூடி ஜாடிகள் இரண்டு நிறைந்தன. சட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று, வழக்கம்போல "செலாமட் பெர்சூட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரும் மார்ச்சில் ராயா. மாக்சிக், அதற்கு முந்தின வாரம் உங்கள் அடுப்பு என் பொறுப்பு. என் மாமியார் கொடுத்த வெண்கல அச்சைக் கொண்டுவருகிறேன். சட்டியும் எண்ணெயும் உங்களுடையது. நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை மட்டும் சொல்லுங்கள்.

இவர் வீட்டுக்கு வந்த அன்று ஒரு முறுக்கைக் கையில் கொடுத்தேன். மூன்று வாரத்தில் அவராக ஆசைப்பட்டுக் கடித்தது அதுதான். மென்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஏலக்காய் போடலையே" என்றார். குறை சொல்லத் தெம்பு வந்துவிட்டதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. இந்தக் கடிதத்தை என் மகள் நாளைக்கு மலாயில் வாசித்துக் காட்டப் போகிறாள். ஏலக்காய் விஷயத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.