வழி விட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

என்னோடு பேசிய அத்தனை பேருக்கும், பேச மறுத்தவர்களுக்கும் வணக்கம்.

சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் வேலை பார்ப்பவர்கள் அந்த வேலைக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்று கேட்டுத் தொகுத்த நூல் ஒருவழியாக அச்சுக்குப் போகிறது. அதில் நன்றி சொல்ல எனக்கு ஒரே ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்களில் பாதிப் பேருக்கு மேல் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டு, வேலையைச் சொல்லி, இங்கே நிதானமாக நன்றி சொல்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

முதல் நன்றி, நெகட்டிவ் கட்டிங் செய்துகொண்டிருந்த அம்மாவுக்கு. எடிட்டர், நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதியான பாசிட்டிவில் எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிப் பார்க்கலாம். அவர் முடித்த பிறகு, அதே அளவுக்கு அசல் நெகட்டிவை வெட்டுவது உங்கள் வேலை. அசல் ஒன்றுதான். வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, பிலிமின் ஓரத்தில் பதிந்திருக்கும் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, முனையைச் சுரண்டி, பசை தடவி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் ஓரத்து ஃபிரேம் ஒட்டுக்கே பலியாகிவிடும் என்பதால், கொஞ்சம் தள்ளி வெட்டிவிட்டேன் என்று பிறகு சொல்ல வழியே இல்லை. இதை வாயால் சொல்லி எனக்குப் புரியவில்லை என்றதும், செய்தித்தாளை நீளநீளமாகக் கிழித்து மேசையில் பரப்பிச் செய்தே காட்டினீர்கள். ஓர் அடிக்கு 16 ஃபிரேம், நிமிடத்துக்கு 90 அடி என்ற 35 மி.மீ. கணக்கு இன்றும் உங்கள் வாயில் தானாக வருகிறது. டிஜிட்டல் வந்து அந்த மேசைக்கே வேலை இல்லாமல் போனபோது, உடன் இருந்தவர்கள் பலர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். நீங்கள் சப்டைட்டிலுக்கு நேரம் குறிக்கக் கற்றுக்கொண்டீர்கள். எழுத்து எந்த ஃபிரேமில் வர வேண்டும், எதில் போக வேண்டும் என்பதில் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது என்று அங்கே இருக்கும் இளைஞர்கள் கொஞ்சம் பயத்தோடுதான் சொன்னார்கள்.

உங்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் ஹாலிவுட் எடிட்டர் மார்கரெட் பூத் பற்றித் தேடிப் படித்தேன். 1915-இல், நடிகராக இருந்த அவருடைய அண்ணன் கார் விபத்தில் இறந்துபோனார். குடும்பத்தைக் காப்பாற்ற, இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித்திடம் பிலிம் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தார் மார்கரெட். பின்னாளில் எம்ஜிஎம் ஸ்டுடியோவின் எடிட்டிங் மேற்பார்வையே அவர் கைக்கு வந்தது. 1968 வரை அங்கே இருந்தார். 1978-இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். சினிமாமீது காதல் கொண்டு வந்தவர்களைப் பற்றியே நாம் அதிகம் எழுதுகிறோம். வயிற்றுப்பாட்டுக்காக வந்து வேலையில் கரைகண்டவர்கள் இத்துறையில் எவ்வளவு பேர் என்பதை எனக்குக் காட்டியவர் நீங்கள்தான்.

அடுத்து, கன்டினியுட்டி பார்க்கும் அக்காவுக்கு. மருத்துவமனை வார்டில் சார்ட் எழுதிக்கொண்டிருந்த நீங்கள், படப்பிடிப்புத் தளத்தில் எந்தப் பொத்தான் திறந்திருந்தது, தம்ளரில் எவ்வளவு தண்ணீர் இருந்தது, கதாநாயகி எந்தக் கையால் கதவைத் தள்ளினாள் என்று எழுத வந்தீர்கள். வீட்டு வாசலில் ஒரு நாளும், அதே வீட்டின் உள்ளே ஒரு மாதம் கழித்தும் எடுக்கப்படும் காட்சிகள் திரையில் ஒட்டி நிற்பது உங்கள் நோட்டுப் புத்தகத்தால். நர்ஸாக இருந்த பழக்கம்தான் இதற்குக் கைகொடுத்தது என்று நான் ஓர் அழகான வாக்கியம் எழுதி அனுப்பினேன். நீங்கள் அதை அடித்துவிட்டு, வார்டில் தவறினால் உயிர் போகும், இங்கே பொத்தான்தான் போகும், இரண்டையும் சேர்க்காதீர்கள் என்று ஓரத்தில் எழுதினீர்கள். நூலில் என் வாக்கியம் இல்லை. உங்கள் குறிப்புதான் இருக்கிறது.

காட்சி ஓடும்போதே லென்ஸின் ஃபோகஸைத் திருப்பித் தெளிவு குலையாமல் பார்க்கும் ஃபோகஸ் புல்லர் தம்பிக்கும், நீளக் கம்பியில் மைக்கைத் தூக்கிப் பூம் பிடிக்கும் அண்ணனுக்கும், சீரியலில் கேமராவுக்குப் பின்னால் நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் உதவி இயக்குநருக்கும் தனித்தனியாக நன்றி. நேரலையில் எந்தக் கேமராவின் படம் திரைக்குப் போக வேண்டும் என்று மாற்றிவிடும் விஷன் மிக்சர் முன்னால் உட்காரும் ஐயா, நாடக மேடையில் விளக்குப் போட்ட காலத்தைப் பற்றிச் சொன்னதை எல்லாம் சேர்க்க இடம் போதவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

நீங்கள் எல்லோரும் சேர்ந்து இந்த நூலின் போக்கையே மாற்றிவிட்டீர்கள். எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று உங்களைப் பற்றிக் கேட்டால், ஒருவர் தவறாமல் வேறு யாரையோ பற்றித்தான் பேசினீர்கள். ஒரு நாள் வராமல் போன உதவியாளர், அவருக்குப் பதிலாக நிற்கச் சொன்ன மேலாளர், ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போன ரெக்கார்டிஸ்ட். பிறகு நான் கேள்வியையே மாற்றிக்கொண்டேன்: உங்களை உள்ளே விட்டது யார்?

பெரிய பெயர்களின் கதையிலும் இதுவேதான். தெல்மா ஷூன்மேக்கர் தூதரகப் பணிக்குப் போக நினைத்துப் படித்தவர். பத்திரிகையில் வந்த ஒரு சின்ன விளம்பரத்தைப் பார்த்து எடிட்டிங் உதவியாளராகப் போனார். ஐரோப்பியப் படங்களைப் பின்னிரவுத் தொலைக்காட்சி நேரத்துக்கு அடங்கும்படி வெட்டித் தள்ளுவதுதான் முதல் வேலை. பிற்பாடு எடிட்டிங்குக்காக மூன்று ஆஸ்கர் வாங்கினார். விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்த சத்யஜித் ராய் தம் முதல் படத்துக்கு ஒளிப்பதிவாளராகத் தேர்ந்தெடுத்தது, அதுவரை சினிமா கேமராவை இயக்கியே இராத இருபது வயதைச் சற்றே தாண்டிய சுப்ரத மித்ராவை. ராயின் அடுத்த படத்திலேயே, துணியில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு செட்டுக்குள் பகல் வெளிச்சத்தை உண்டாக்கிக் காட்டினார் மித்ரா. ராய்க்கே அப்போது அனுபவம் இல்லை. அனுபவமில்லாத ஒருவர் அனுபவமில்லாத இன்னொருவரை நம்பினார்.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. அதைச் சொல்லத் துணிந்த லைட்மேன் அண்ணனுக்கும், ஒளிப்பதிவு உதவியாளராக இருக்கும் பெண்ணுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். யாரோ ஒருவர் உள்ளே விட்டால்தான் வேலை என்றால், அந்த யாரோ ஒருவர் இல்லாதவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஆஸ்கர் விருது 1929-இலிருந்து வழங்கப்படுகிறது. ஒளிப்பதிவுக்காக ஒரு பெண், ரேச்சல் மோரிசன், பரிந்துரைப் பட்டியலில் முதன்முறையாக இடம்பெற்றது 2018-இல். இத்தனை காலமும் திறமையுள்ள பெண்களே இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கேமரா கனமானது, பெண்ணால் தூக்க முடியாது என்று உங்களிடம் சொன்ன நிறுவனம், அதே கேமராவின் பெட்டிகளை உங்களைக் கொண்டுதான் வண்டியில் ஏற்றியது என்று சொல்லிச் சிரித்தீர்களே அம்மா, எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

துறையை விட்டுப் போனவர்களுக்கு நான் சொல்லும் நன்றி தனி ரகம். பஸ் கண்டக்டராக இருந்து உச்ச நட்சத்திரமானவர், தச்சு வேலை பார்த்தபடியே நடிப்பு வாய்ப்புத் தேடிய ஹாரிசன் ஃபோர்ட், கப்பல் மாலுமியாக இருந்து ஒளிப்பதிவாளரான கிறிஸ்டோபர் டாயில் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர்கள் மேலே வந்தவர்கள் என்பதால்தான் அந்தக் கதை நம் காதுக்கு வந்தது. அதே அளவு உழைத்து, அதே அளவு காத்திருந்து, வேறு வேலைக்குப் போனவர்களின் கதையை யாரும் கேட்பதில்லை. பல படங்களில் இணை இயக்குநராக இருந்து, சம்பள பாக்கி வராமல் அலுத்துப்போய், இன்று காப்பீட்டு முகவராக இருக்கும் அண்ணன் என்னிடம் பேச ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தோற்றுப்போனவன் என்று எழுதக் கூடாது. எழுதவில்லை அண்ணா. குழந்தை பிறந்த பிறகு எப்போது முடியும் என்று தெரியாத கால்ஷீட்டோடு போராட முடியாமல் எடிட்டிங் அறையை விட்டு வந்த தோழியின் பகுதிதான், என்னைக் கேட்டால், இந்த நூலிலேயே சிறந்தது.

பேச்சில் வராவிட்டாலும் கணக்கில் வர வேண்டியவர்கள் வீட்டில் இருந்தவர்கள். இயக்குநர் ஆங் லீ திரைப்படக் கல்லூரி முடித்த பிறகு ஆறு ஆண்டுகள் வேலை கிடைக்காமல் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, குடும்பத்தை நடத்தியது மூலக்கூறு உயிரியல் ஆய்வாளரான மனைவியின் சம்பளம். கே. பாலசந்தர் கணக்காயர் அலுவலகத்திலும், நாகேஷ் ரயில்வேயிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகத்தில் வளர்ந்தவர்கள். மாதச் சம்பளம் கலைக்கு எதிரி என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். உங்களில் பலரின் வீட்டில் வாடகையைக் கட்டிய கணவர்கள், மனைவிகள், அக்காமார்கள் ஆகியோருக்கு என் வணக்கம்.

பேச மறுத்தவர்களில், மேக்கப் அம்மாவின் காரணம் எனக்குப் பிடித்திருந்தது. தூங்காத கண்ணையும் அழுத கண்ணையும் தினமும் காலையில் முதலில் பார்ப்பவர் அவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சொன்னதை வெளியே சொன்னால் நாளைக்கு யாரும் கண்ணை மூடி முகத்தைத் தர மாட்டார்கள் என்றார். நியாயம்தானே!

ஒலிப்பதிவுகளை எல்லாம் கேட்டு எழுத்தாக்கிய இரண்டு மாணவர்களுக்கும், தொழில்நுட்பப் பகுதிகளைப் படித்துத் திருத்திய ஓய்வுபெற்ற பிலிம் லேப் தொழில்நுட்பருக்கும் மிக்க நன்றி. அவரவர் பகுதியின் மெய்ப்பு உங்கள் கைக்கு வந்திருக்கும். மாற்ற வேண்டியது, எடுக்க வேண்டியது இருந்தால், அச்சகத்துக்குப் போகும் முன் தயங்காமல் சொல்லுங்கள். பெயர் வேண்டாம் என்றவர்கள் மனம் மாறினால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். உள்ளே விட்டவர் யார் என்ற கேள்விக்கு நீங்கள் சொன்ன பெயர்களை அவரவர் ஒப்புதலோடு கடைசிப் பக்கங்களில் அகரவரிசையில் போட்டிருக்கிறோம். எழுத்துப் பிழை இல்லாமல் வர வேண்டும். அந்தப் பக்கங்களை மட்டுமாவது ஒரு முறை சரிபார்த்துக் கொடுங்கள்.

நன்றியுடன்,
தொகுப்பாசிரியர்