ஐம்பதுக்கு அந்தப் பக்கம் பிறந்தவர்கள்: இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், வெம்பிளி, லண்டன்
நகல்: உள்துறை அமைச்சகம், லண்டன்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்கும் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் விண்டோவிலும் ஒரே காட்சி. வெளிநாட்டு வீரருக்குப் பணி அனுமதி கிடைக்க உங்கள் ஒப்புதல் வேண்டும், ஒப்புதலுக்குப் பதினைந்து புள்ளி வேண்டும். இரண்டு கிளப்புகளும் விலை பேசி முடித்திருக்கும், வீரரும் சம்மதித்திருப்பார். கடைசியில் யாரோ ஒருவர் உங்கள் புள்ளி அட்டவணையை எடுத்துக் கூட்டிப் பார்ப்பார். பதினைந்து வராது. பேச்சு அத்தோடு முடிந்துபோகும். இதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பொறுமை இழந்துதான் இந்த மடலை எழுதுகிறோம்.

பின்னணி எல்லாம் உங்களுக்குத் தெரிந்தது, எழுதியவர்களே நீங்கள்தான். எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. வீரருடைய நாட்டின் ஃபிஃபா தரவரிசையை வைத்து அவருக்குக் கதவைத் திறப்பதையும் சாத்துவதையும் நிறுத்துங்கள். ஐம்பதாம் இடத்தில் நீங்கள் போட்டிருக்கும் அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள்.

இந்தத் தரவரிசைக் கணக்கு என்ன செய்யும் என்பதற்கு டைவோ அவோனியி என்ற ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிக்கும் முன்கள வீரர், ஒருவர் போதும். நைஜீரியாவின் இலோரினில் பிறந்தவர். 2013-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். 2015 ஆகஸ்டில், 18 வயதில், லிவர்பூல் அவரை வாங்கியது. அப்போது நடப்பில் இருந்த உங்கள் விதிப்படி, தரவரிசையில் 31 முதல் 50 வரை உள்ள நாட்டு வீரர் விண்ணப்பத்துக்கு முந்தைய குறிப்பிட்ட காலத்தில் தேசிய சீனியர் அணி ஆடிய போட்டி ஆட்டங்களில் 75 சதவீதத்தில் களமிறங்கியிருக்க வேண்டும். பன்னிரண்டு ஆட்டம் நடந்திருந்தால் ஒன்பது. நான்கைத் தவறவிட்டால் கதை முடிந்தது. பதினெட்டு வயதுப் பையன் சீனியர் அணிக்கு ஒருமுறைகூட அழைக்கப்படாதவன் என்றால் அவன் கணக்கு பூஜ்யம். ஜூனியர் உலகக் கோப்பை அந்தக் கணக்கில் எங்கும் வராது.

அனுமதி கிடைக்காததால் லிவர்பூல் அவரை லோனில், அதாவது தற்காலிகமாக, வேறு கிளப்புகளுக்கு அனுப்பியது. அவர் ஊர் ஊராகப் போனார். ஜெர்மனியில் எஃப்எஸ்வி ஃபிராங்க்ஃபர்ட். நெதர்லாந்தில் நைமேகன். பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் முஸ்க்ரோன். அங்கிருந்து டச்சு பேசும் கென்ட். அரை சீசனில் மறுபடியும் முஸ்க்ரோன். பிறகு மறுபடி ஜெர்மனியில் மைன்ஸ். பிறகு யூனியன் பெர்லின். ஆறு ஆண்டு, ஏழு லோன். ஸ்ட்ரைக்கர் ஒருவர் புது அணியில் காலூன்ற என்ன வேண்டும் என்று உங்கள் பயிற்சியாளர்களையே கேட்டுப் பாருங்கள். பின்னாலிருந்து பந்து எப்போது வரும், எந்தப் பக்கம் ஓடினால் விங்கர் கிராஸ் போடுவார் என்பதெல்லாம் ஆடி ஆடித்தான் பிடிபடும். அது பிடிபடத் தொடங்கும்போது அவருக்குப் பெட்டி கட்டும் நேரம் வந்துவிடும். அடுத்த ஊரில் புதுக் கோச், புது மொழி, புது வீடு. லோனில் வந்தவரைச் சுற்றி எந்தக் கோச்சும் அணியைக் கட்ட மாட்டார், அடுத்த கோடையில் போகப்போகிறவர்தானே! 2021-இல் ஒருவழியாக அனுமதி கிடைத்தது. அந்த ஜூலையிலேயே லிவர்பூல் அவரை யூனியன் பெர்லினுக்கு விற்றுவிட்டது. லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. நைஜீரிய சீனியர் அணியில் முதன்முதலாக ஆடியது அதற்குப் பிறகு, 2021 அக்டோபரில்.

அனுமதியை வாங்கித் தந்தது எது என்று பாருங்கள். ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டெஸ்லிகாவில் அவர் ஓடிய நிமிடங்கள். அவருடைய கால்கள் செய்த வேலை. தேசிய அணியின் தரவரிசைக்கு அதில் பங்கே இல்லை. இதைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

பிரெக்சிட்டுக்குப் பின் 2021 ஜனவரியில் வந்த புள்ளி முறை பழையதைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். லீக்கில் ஆடிய நிமிடம், ஒரு கண்டத்தின் கிளப்புகள் மோதும் கண்டப் போட்டியில் ஆடிய நிமிடம், கிளப் பிடித்த இடம், லீக்கின் தரம் என்று பல கட்டங்களாகப் பிரித்தீர்கள். ஐரோப்பியருக்கு ஒரு சட்டம், ஆப்பிரிக்கருக்கு ஒரு சட்டம் என்ற நிலையும் போனது. ஆனால் பழைய தரவரிசைக் கோட்டை மட்டும் அட்டவணையின் தலையிலேயே விட்டுவைத்தீர்கள். முதல் பத்து இடங்களில் உள்ள நாட்டின் வீரர் தன் தேசிய அணியின் ஆட்டங்களில் 30 சதவீதம் ஆடியிருந்தால் போதும், மற்றக் கட்டங்களைப் பார்க்காமலே ஒப்புதல். ஐம்பதுக்கு வெளியே உள்ள நாட்டின் வீரர் இரண்டு ஆண்டில் ஒரு நிமிடம் விடாமல் ஆடியிருந்தாலும் அந்த நேர்வழி அவருக்கு இல்லை.

இங்கே ஒரே குறைக்குப் பலமுறை அபராதம் விழுகிறது. தரவரிசையில் பின்தங்கிய நாட்டின் லீக், அநேகமாக, லீக்குகளை நீங்கள் தரம் பிரித்திருக்கும் ஆறு பிரிவுகளில் கடைசிப் பிரிவில்தான் இருக்கும். முதல் ஐந்தில் பெயர் இல்லாத உலக லீக்குகள் அத்தனையும் அந்த ஒரே மூட்டைக்குள் கிடக்கின்றன. அதனால் தேசிய அணிக் கட்டத்தில் புள்ளி குறையும், லீக் நிமிடத்தில் குறையும், லீக் தரத்தில் மறுபடி குறையும், அந்த நாட்டு கிளப்புகள் ஆடும் கண்டப் போட்டியும் கீழ்ப் பிரிவு என்பதால் அங்கேயும் குறையும். பத்தொன்பது வயதுப் பையன் அந்த லீக்கின் எல்லா ஆட்டமும் ஆடி, எல்லாக் கட்டத்திலும் கிடைப்பதைக் கூட்டினாலும் பதினைந்தைத் தொடுவது ஏறக்குறைய நடக்காத காரியம். பெரிய லீக்கில் ஆடினால்தான் தேசிய அணியில் இடம், தேசிய அணியில் ஆடினால்தான் பெரிய லீக்கில் இடம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

எங்கள் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. 2009-இல் இந்திய அணி ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியை மூன்று ஆண்டு ஒப்பந்தத்துக்கு லண்டன் கிளப்பான குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது. முந்தைய ஆண்டுதான் ஆசிய நாடுகளுக்கான ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஹாட்ரிக் போட்டிருந்தார். அப்போது கோடு எழுபதில் இருந்தது. இந்தியா அதற்கு வெளியே. பணி அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி அவரை எடுத்துக்கொண்டது. 2024 ஜூனில் தேசிய அணியிலிருந்து விடைபெற்றபோது அவர் கணக்கில் 94 சர்வதேச கோல்கள். இந்தியா இதுவரை எட்டிய மிக உயர்ந்த தரவரிசையும், தற்செயலாக, அதே 94-தான், அது 1996-இல். நீங்கள் கோட்டை எழுபதில் வைத்தாலும் ஐம்பதில் வைத்தாலும், இந்த மண்ணில் பிறந்த ஒருவர் எவ்வளவு கோல் போட்டாலும் அந்தக் கட்டத்தில் தேற முடியாது.

2023 கோடையில் இஎஸ்சி எனப்படும் சிறப்பு இடங்களைக் கொண்டு வந்தீர்கள். மேல் இரண்டு நிலைகளான பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப் கிளப்புக்கு நான்கு வரை; அவற்றுக்கு அடுத்த லீக் ஒன், லீக் டூ கிளப்புக்கு இரண்டு வரை. பதினைந்து புள்ளி வராதவரையும் இந்த இடங்களில் எடுக்கலாம். நல்ல தொடக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேல் இரண்டு லீக்குகளில் எத்தனை இடம் என்பது, இங்கிலாந்துக்கு ஆடத் தகுதியுள்ளவர்களுக்கு அந்த கிளப் கொடுத்த நிமிடங்களைப் பொறுத்தது. ஈக்வடாரிலோ கானாவிலோ இருக்கும் பையனின் வாழ்க்கை, அவன் முகம்கூடப் பார்க்காத ஒருவர் போன சீசனில் எத்தனை நிமிடம் ஆடினார் என்பதில் தொங்குகிறது. உள்நாட்டுப் பிள்ளைகள் வளர வேண்டும் என்ற உங்கள் நோக்கம் நியாயமானது. அதற்கான கணக்கை கிளப்பிடம் கேளுங்கள். வெளியூர்ப் பையனின் தகுதிச் சீட்டில் அதை எழுதாதீர்கள்.

இடம் நான்குதான் என்றால் கிளப் யாருக்குக் கொடுக்கும்? நாளைக்குப் பல மடங்கு விலைக்கு விற்கக்கூடியவருக்கு. மீதிப் பேரை நிறுத்திவைக்கப் பணக்கார உரிமையாளரிடம் வேறு வழி இருக்கிறது. 2021-இல் பிரீமியர் லீக் கிளப்பான பிரைட்டன் எடுத்த ஜப்பான் வீரர் கவோரு மிடோமாவுக்கு அனுமதி கிடைக்காதபோது, அந்த உரிமையாளருக்கே பங்கு இருந்த பெல்ஜியத்தின் யூனியன் செயின்ட்-கிலுவாஸுக்கு லோனில் அனுப்பினார்கள். ஓர் ஆண்டு கழித்து வந்து பிரீமியர் லீக்கையே கலக்கினார். அவருக்கு நல்லதாய் முடிந்தது, மகிழ்ச்சி. பெல்ஜியத்தில் இன்னொரு கிளப் வாங்க வசதியில்லாத லீக் டூ நிர்வாகம் என்ன செய்யும்? உங்கள் விதி யாரைக் கட்டிப்போட எழுதப்பட்டதோ அவர்கள் பக்கத்துச் சந்து வழியாக வந்துவிடுகிறார்கள். கட்டுண்டு நிற்பது சின்ன கிளப்புகள்தான்.

உள்துறை அமைச்சகத்துக்கும் ஒரு வார்த்தை. மாணவர் விசாவில் வருபவர் தொழில்முறை விளையாட்டு வீரராக இருக்கக் கூடாது என்பது விதி. அந்தச் சொல்லுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் விளக்கமோ, காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் செமி-புரொஃபஷனல், அதாவது பாதித் தொழில்முறை, அளவில் ஆடுபவரையே உள்ளே இழுத்துவிடும் அளவுக்கு அகலமானது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்க வரும் பிள்ளை, சனிக்கிழமை மதியம் லீக் டூவுக்கும் கீழே உள்ள உள்ளூர் நான்-லீக் அணிக்கு இலவசமாக ஆடப் போனால் விசாவுக்கே ஆபத்து வருமோ என்று பயப்பட வேண்டியிருக்கிறது. அந்த அணிச் செயலாளரும் நமக்கேன் வம்பு என்று பதிவுசெய்யத் தயங்குவார். இதுபற்றித் தனியாக எழுத நிறைய இருக்கிறது. இப்போது எடுத்த விஷயத்துக்கே வருகிறோம்.

ஐம்பதாம் இடத்துக் கோட்டை நீக்குங்கள். தேசிய அணி ஆட்டங்களுக்குப் புள்ளி கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை. நாடு எந்த இடத்தில் இருந்தாலும், ஆடிய விகிதத்துக்கும் எதிரணியின் தரத்துக்கும் ஏற்பப் புள்ளி ஏறட்டும். 17, 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைகளிலும் கண்டக் கோப்பைகளிலும் ஆடிய நிமிடங்களுக்கு அட்டவணையில் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். ஆறாம் பிரிவு மூட்டையை அவிழ்த்து, குறைந்தது மூன்றாகப் பிரியுங்கள். 2021 விதிகளில் 10 முதல் 14 புள்ளி எடுத்தவருக்காக கிளப் விதிவிலக்குக் குழுவை நாட முடிந்தது. அந்த வாய்ப்பை எல்லா வயதினருக்கும் முழுமையாகத் திறந்து, மறுத்தால் எந்தக் கட்டத்தில் எவ்வளவு குறைந்தது என்று வீரர் கையிலேயே எழுத்தில் கொடுங்கள். காயத்தால் தவறிய ஆட்டங்களைக் கழிக்க ஆவணம் கேட்கும்போது, அதைத் தர வேண்டிய கிளப்போ சங்கமோ பதிலே போடாவிட்டால் வீரர் என்ன செய்வது என்பதையும் விதியில் சொல்லுங்கள்.

சீசனுக்கு ஒருமுறை நீங்கள் விதிகளைத் திருத்தி வெளியிடுகிறீர்கள். அடுத்த திருத்தத்தில் முதல் வேலையாக அந்தத் தரவரிசைக் கோட்டை எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால், ஏன் ஐம்பது, ஏன் ஐம்பத்தொன்று அல்ல என்பதற்கான காரணத்தையாவது வெளிப்படையாகச் சொல்லும்படி வேண்டுகிறோம். உங்கள் பதிலுக்குக் காத்திருப்போம்.

நன்றியுடன்,
கால்பந்து அன்பர்கள்