கம்பியின் பலத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரான்சில் கடராஷ் என்ற இடத்தில் கட்டப்படும் ஈட்டர் உலை (அணுக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் சோதனை உலை) பற்றி ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதன் காந்தங்களைச் சுற்றியிருக்கும் மீக்கடத்திக் கம்பியில் மின்தடை இல்லை, மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும் என்பதோடு காந்தத்தின் கதையை முடித்துவிட்டார்கள். அந்தக் கம்பி என்ன பாடுபடுகிறது என்று ஒரு வரிகூட இல்லை.

கோவையில் 31 வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் காயில் ஒரு உதறு உதறும். அதற்காகத்தான் நூலால் இறுக்கிக் கட்டி, வார்னிஷ் ஊற்றி, சூட்டில் காயவைக்கிறோம். கட்டு தளர்ந்த மோட்டாரைப் பிரித்தால், கம்பியும் கம்பியும் உரசி எனாமல் போய், செம்பு பளிச்சென்று தெரியும். இதெல்லாம் சில ஆம்பியர் ஓடும் பம்ப்செட் மோட்டாரில்.

ஈட்டரில் 17 மீட்டர் உயரத்தில் 18 காயில்கள். ஓடுவது 68,000 ஆம்பியர், காந்தப்புலம் உச்சத்தில் 11.8 டெஸ்லா. மின்சாரம் ஓடும் கம்பியைக் காந்தப்புலம் தள்ளும். இரண்டையும் பெருக்கினால், 4 சென்டிமீட்டர் சொச்சம் கனமுள்ள கேபிளை மீட்டருக்கு 80 டன் விசை தள்ளுகிறது! அதற்குள் முறுக்கியிருக்கும் ஒவ்வொரு கம்பியும் 0.8 மில்லிமீட்டர்தான், எங்கள் கணக்கில் 21 கேஜ்.

அந்தக் கம்பியில் மீக்கடத்தியாக இருப்பது நையோபியம் என்ற உலோகமும் வெள்ளீயமும் சேர்ந்த பொருள். அது செம்பு மாதிரி வளையாது, நொறுங்கும். அதனால் இரண்டும் சேராமல் தனித்தனியாக இருக்கும்போதே காயிலைச் சுற்றிவிடுகிறார்கள். அப்புறம் 650 டிகிரி சூட்டில் நாள் கணக்கில் வேகவைக்கிறார்கள். பச்சை மண்ணில் பானை வனைந்து சூளையில் வைப்பது போலத்தான். வெந்த பிறகு வளைத்தால், உள்ளே முடியைவிட மெல்லிய இழைகள் விரிசல் விடும்.

உலையின் நடுத்தூண் காந்தத்துக்கான கேபிளை சுவிட்சர்லாந்தில் சோதித்தபோது இதே தொல்லைதான் வந்தது. மின்சாரத்தை ஏற்றி இறக்க ஏற்றி இறக்க, அதன் திறன் குறைந்துகொண்டே போனது. அதற்குப் புது உலோகம் எதையும் தேடவில்லை. முறுக்கை இன்னும் நெருக்கமாகப் போட்டார்கள். கம்பிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ள, கேபிள் நின்றுவிட்டது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கள் கை அறிந்த வேலை அல்லவா அது!

ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் இருவர் என்னிடம் தொழில் கற்கிறார்கள். கம்பியின் பலத்தைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் வைண்டர்,
கோவை.