நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூர்: தூரமும் நேரமும்

அன்புள்ள மகளுக்கு,

15,300 கிலோமீட்டரை விமானத்தின் வேகமான மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து, நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூருக்கு 17 மணி நேரத்தில் போய்விடலாம் என்று எழுதியிருந்தாய். பயணச்சீட்டில் மட்டும் 18 மணி 40 நிமிடம் என்று போட்டிருப்பது ஏன் என்றும் கேட்டிருந்தாய். உன் வகுத்தல் சரிதான். விமானம்தான் அந்தக் கணக்குப்படி பறப்பதில்லை.

முதலில் அந்தத் தூரத்தைப் பார். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தை விட்டுவிட்டு, உலக உருண்டை ஒன்றின்மேல் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது ஏறக்குறைய வட துருவத்தின் வழியாகவே போகும். நியூயார்க் மேற்கே 74 பாகையிலும் சிங்கப்பூர் கிழக்கே 104 பாகையிலுமாக, உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதே காரணம். நியூயார்க்கிலிருந்து துருவம்வரை 49 பாகை, அங்கிருந்து நிலநடுக்கோட்டை ஒட்டியுள்ள சிங்கப்பூர்வரை 89 பாகை, ஆக 138. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் நீ பார்த்த எண் வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

ஆனால் அந்தக் கோட்டிலேயே விமானம் போகும் என்று எண்ணிவிடாதே. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் சில நாள்களில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும் என்பதால், அன்றன்றைய காற்றைப் பார்த்தே பாதையைத் தீர்மானிக்கிறார்கள். சில வேளை சுற்றிப் போவதே சீக்கிரமாக முடிகிறது. லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏறக்குறைய 8 மணி நேரமும் திரும்பி வர 7 மணி நேரமும் ஆவது இந்தக் காற்றினால்தான். இது போக, சீட்டில் உள்ள நேரம் விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் போய் நிற்பதுவரை என்பதால், ஓடுபாதைக்காக வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது தேதிதான். டிசம்பர் 12 இரவு 10.30 மணிக்கு நீ கிளம்பினால், இறங்கும்போது நியூயார்க்கில் 13ஆம் தேதி மாலை 5.10 ஆகியிருக்கும், குளிர்காலத்தில் சிங்கப்பூர் 13 மணி நேரம் முன்னால் ஓடுவதால் அங்கே 14ஆம் தேதி காலை 6.10. சீட்டில் வந்துசேரும் நேரத்தின் பக்கத்தில் சிறிதாக அச்சிட்டுள்ள ‘+2’ இதைத்தான் சொல்கிறது. நீயோ 13ஆம் தேதி காலைக்குக் கார் சொல்லி வைத்திருக்கிறாய். அதை உடனே 14ஆம் தேதிக்கு மாற்று.

விடுதி அறையை மட்டும் 13ஆம் தேதியிலிருந்தே இருக்க விடு. அதையும் 14ஆம் தேதிக்கு மாற்றினால், பெரும்பாலும் அன்று பிற்பகலில்தான் அறை தருவார்கள். அத்தனை நேரம் பயணம் செய்துவிட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க உன்னால் முடியாது. 14ஆம் தேதி விடியற்காலையில்தான் வருவேன் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடு, இல்லாவிட்டால் நீ வரவில்லை என்று கருதி அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும்.

அன்புடன்,
அப்பா